கம்யூனிட்டி கல்லூரியில் தொடக்க இயற்கணிதம்: எங்கிருந்து தொடங்குவது?

சென்னையில் எம்.எஸ்சி. கணிதம் முடித்து, ஒரு பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, இப்போது அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) பகுதிநேர ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறீர்கள். மாலை வகுப்பு, முப்பது பேர், 16 வாரம். "எட்டாம் வகுப்புப் பாடத்தைப் பெரியவர்களுக்கு நடத்தவேண்டியிருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது, கணிப்பானை அனுமதிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் இதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"எட்டாம் வகுப்புப் பாடம்" என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். பாடத்திட்டத்தைப் பார்த்தால் அது உண்மைதான்: ஒருபடிச் சமன்பாடுகள், நேர்கோட்டின் வரைபடமும் சாய்வும், இரு மாறிச் சமன்பாடுகள், அடுக்குகள், பல்லுறுப்புக்கோவைகள், காரணிப்படுத்தல், கொஞ்சம் விகிதமுறு கோவைகள், முடிவில் இருபடிச் சமன்பாடு. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை முதன்முறையாகப் பார்க்கிறது. உங்கள் வகுப்பில் உட்காரப்போகிறவர்களில் பெரும்பாலானோர் இதை இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதி விதியொன்று மனத்தில் தங்கியிருக்கிறது. "இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்", "மேலேயும் கீழேயும் ஒன்றாக இருந்தால் அடித்துவிடலாம்" என்ற வகையைச் சேர்ந்த பாதி விதிகள் அவை. நீங்கள் பாடத்தை முதலிலிருந்து தெளிவாகச் சொன்னாலும் அவர்கள் அதை இந்தப் பாதி விதிகளின் வழியாகத்தான் கேட்பார்கள். ஆகவே, அழகாக விளக்குவதைவிட, ஒவ்வொருவரிடமும் இருக்கும் பாதி விதி எது என்று கண்டுபிடிப்பதற்கே இந்த வகுப்பில் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

இதை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. முதல் செமஸ்டரில் நம் ஊர் வழக்கப்படி பலகை நிறைய எழுதி, பாடத்திட்டத்தை ஒரு பக்கம் விடாமல் முடித்தேன். முதல் நாள் அறை நிறைந்திருந்தது. இறுதித் தேர்வன்று ஏறக்குறையப் பாதி நாற்காலிகள் காலி. யாரும் சண்டை போடவில்லை, குறை சொல்லவுமில்லை. ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

எதிரில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியைத்தான் இந்நாட்டின் மிகப் பழைய பொதுக் கம்யூனிட்டி கல்லூரி என்கிறார்கள். அதிலிருந்து வளர்ந்த இந்த அமைப்பின் அடிப்படை திறந்த சேர்க்கை: நுழைவுத் தேர்வு வைத்து யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. அதனால் ஒரே வரிசையில் பள்ளியை முடித்து மூன்று மாதமே ஆன பதினெட்டு வயதுப் பையனும், ராணுவத்திலிருந்து திரும்பி அரசு உதவித்தொகையில் படிக்கும் முப்பது வயதுக்காரரும், செவிலியர் படிப்பில் சேரக் காத்திருக்கும் இரு குழந்தைகளின் தாயும், உணவகச் சமையலறையிலிருந்து நேரே வந்து முன்கையில் எண்ணெய்த் தழும்போடு உட்காரும் ஒருவரும் இருப்பார்கள். இவர்களில் பலருக்குக் கணக்கு என்றால் ஒரு பழைய அவமானம். எந்த வகுப்பில், எந்த ஆசிரியர் முன்னால் என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். கிடங்கில் இரவுப் பணி பார்க்கும் ஒரு பெண், நாற்பதை நெருங்கியவர். முந்தைய வாரம் பலகையில் 27h + 720 = 855 என்று எழுதி, h என்ன என்று கேட்டபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எழுத்து வந்ததும் எனக்கு எல்லாம் நின்றுவிடும்" என்றார். இந்த வாரம் சமன்பாடு எழுதாமல் வாயால் கேட்டேன்: மணிக்கு 18 டாலர், வாரம் 40 மணி நேரம், அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு, அதாவது 27 டாலர். பிடித்தம் எதுவும் போகாமல் 855 டாலர் வரவேண்டுமானால் எத்தனை மணி நேரம் கூடுதலாக நிற்கவேண்டும்? மூன்று நொடியில் "ஐந்து" என்றார். எப்படி என்று கேட்டதற்கு, "நாற்பது மணிக்கு 720. அதைக் கழித்தால் 135. அதில் எத்தனை 27 என்று பார்த்தேன்" என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் சொன்ன வரிசையிலேயே பலகையின் வலப்பக்கம் எழுதினேன். இடப்பக்கம் போன வாரத்துச் சமன்பாட்டை எழுதி, இரு பக்கமும் 720ஐக் கழித்தேன், இரு பக்கமும் 27ஆல் வகுத்தேன். வரிக்கு வரி இரண்டும் ஒன்றாக நின்றன. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போன வாரம் கேட்டதும் இதுதானா?" என்றார்.

ஆகவே எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் பதில்: சம்பளம், கைப்பேசிக் கட்டணம், தவணை, தள்ளுபடி என்று அவர்கள் தினமும் மனத்தில் போடும் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அதைச் சொற்களில் சொல்லவையுங்கள், பிறகு எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். வரிசையை மாற்றி எழுத்தை முதலில் வைத்தால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

சமன்பாடு தீர்ப்பதில் நாம் ஊரில் கற்ற ஒரு வாய்பாடு இங்கே உங்களுக்கு எதிரி. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்று சொல்லித்தான் நானும் பத்தாம் வகுப்பு வரை வந்தேன். கை வேகமாகப் போகும். ஆனால் ஏன் மாறுகிறது என்று தெரியாதவரிடம் இதைக் கொடுத்தால், 3x = 12 என்பதில் 3ஐப் பக்கம் மாற்றி x = 12 − 3 என்று எழுதுவார்; அவர் கேட்ட விதிப்படி அது சரிதான். இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம் என்பதை ஒவ்வொரு வரியிலும் எழுதிக்காட்டுங்கள். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. இதோடு சமக்குறியையும் கவனியுங்கள். கணிப்பானில் வளர்ந்தவர்களுக்கு அது "விடையைச் சொல்" என்ற பொத்தான். அதனால்தான் 3 + 4 = 7 × 2 = 14 என்று தொடர்ந்து எழுதிக்கொண்டே போவார்கள். 1557இல் இந்தக் குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணம் சொன்னார். அந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிடித்துக்கொண்டார்கள்.

நான் அதிக நேரம் செலவிடும் இடம் கோவைக்கும் (சமக்குறி இல்லாதது) சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு. பின்னங்கள் கொண்ட சமன்பாட்டில் பகுதிகளை, அதாவது பின்னத்தின் கீழ் எண்களை, ஒழிக்கக் கற்றுக்கொடுக்கிறோம்: x/2 + x/3 = 10 என்றால் எல்லாவற்றையும் 6ஆல் பெருக்கு, 3x + 2x = 60, ஆகவே x = 12. மாணவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும், பின்னம் மறைந்துவிடுகிறதல்லவா. இரண்டு வாரம் கழித்து x/2 + x/3 என்று மட்டும் கொடுத்துச் சுருக்கச் சொன்னால், அங்கேயும் 6ஆல் பெருக்கி 5x என்று எழுதுவார்கள். கணக்கை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு படியும் சரி. பெருக்குவதற்கு அங்கே மறுபக்கம் ஒன்று இல்லை என்பதுதான் பிழை. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனால் அடுத்த தேர்விலும் அதே வரும். நான் செய்வது ஒன்றே: x-க்கு ஒரு எண்ணைப் போடச் சொல்வேன். 6 என்று வைத்தால் x/2 + x/3 என்பது 5. உங்கள் 5x என்பது 30. எது சரி என்று நான் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, எண் சொல்லிவிடும்.

எண்ணைப் போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலிருந்தே ஊட்டுங்கள். (x + 6)/6 என்பதில் இரண்டு 6ஐயும் அடித்துவிட்டு x என்று எழுதுபவரிடம் "கூட்டலில் அடிக்கக்கூடாது" என்று விதி சொன்னால், அவரிடம் ஏற்கெனவே இருக்கும் நூறு விதிகளோடு அது நூற்றியொன்றாவதாகப் போய்ச் சேரும். x-க்கு 4 போடச் சொன்னால் 10/6 வருகிறது, 4 வரவில்லை. (a + b)² = a² + b² என்பதற்கும் அதே மருந்து: 3, 4 போட்டால் ஒரு பக்கம் 49, மறுபக்கம் 25. எந்த எண்ணைப் போடக்கூடாது என்பதும் பாடத்தின் பகுதி. 0, 1 இரண்டும் பொய்ச்சாட்சி சொல்லும் எண்கள்; தவறான விதிகூட அவற்றில் சரியாக வந்துவிடக்கூடும்.

சொற்கணக்குகள் பற்றி ஒன்று. 1980களின் தொடக்கத்தில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம், "ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்ற விகிதம், மாணவர் எண்ணிக்கை S, பேராசிரியர் எண்ணிக்கை P, சமன்பாடு எழுதுக" என்று கேட்டார்கள். S = 6P என்று எழுதாமல் தவறவிட்டவர்கள் 37 சதவீதம். மிகப் பலர் 6S = P என்று எழுதியிருந்தார்கள். பொறியியல் மாணவர்களே அப்படி என்றால் உங்கள் மாலை வகுப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சொற்களை வந்த வரிசையில் அப்படியே குறிகளாக மாற்றுவதும், S என்பதை "மாணவர்" என்ற சொல்லின் சுருக்கமாக நினைப்பதும்தான் காரணம். அதனால் "S என்பது மாணவர்" என்று எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. "S என்பது மாணவர்களின் எண்ணிக்கை" என்று முழுதாக எழுதவேண்டும். இதற்காக என்னைக் கஞ்சன் என்பார்கள்.

உங்கள் ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். உச்சரிப்பு ஒரு சிக்கலே இல்லை, இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். சிக்கல் நம் கணக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது. நமக்கு "இன்ட்டு" என்றால் பெருக்கல். இங்கே அது வகுத்தல். என் முதல் வாரத்தில் "ஃபைவ் இன்ட்டு டுவென்ட்டி" எவ்வளவு என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்து "ஃபோர்" என்று வந்தது. தவறு என்று சொல்லிவிட்டேன். இருபதில் எத்தனை ஐந்து என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. இந்த ஊர் வழக்கில் அவர் சொன்னதே சரி. "டைம்ஸ்" என்று சொல்லிப் பழகுங்கள். "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்" என்றால் யாருக்கும் புரியாது. "தி குவான்டிட்டி ஏ பிளஸ் பி, ஸ்கொயர்டு" என்பார்கள். பிராக்கெட் இங்கே பேரன்தசிஸ், ஹெச்.சி.எஃப். இங்கே ஜி.சி.எஃப்.; இசட் இங்கே ஸீ. "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால் நீங்கள் சொன்னதை நம்பவில்லையா என்று கேட்பதுபோல் ஒலிக்கும், "கொஸ்டின்ஸ்" என்று கேளுங்கள்.

நாம் போட்மாஸ் படித்தோம், இவர்கள் பெம்டாஸ் படித்திருக்கிறார்கள். எந்தச் செயலை முதலில் செய்வது என்ற ஒரே விதியின் இரு பெயர்கள் அவை; ஆனால் பிழைகள் வேறு. பெம்டாஸில் பெருக்கல் எழுத்து முன்னால் வருவதால் 12 ÷ 3 × 2 என்பதில் முதலில் பெருக்கி 2 என்பார்கள், விடை 8. இரண்டிலுமே கூட்டல் எழுத்து கழித்தலுக்கு முன்னால் வருவதால் 10 − 4 + 3 என்பதை 3 என்பார்கள், விடை 9. பெருக்கலும் வகுத்தலும் ஒரே தரம், கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், இடமிருந்து வலம் என்று ஒரு நாள் நின்று சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்காதீர்கள், விடைத்தாளை மதிப்பெண் வரிசையில் கொடுக்காதீர்கள், கதவில் பட்டியல் ஒட்டாதீர்கள். மாணவரின் கல்விப் பதிவுகளுக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்று பாதுகாப்பு தருகிறது. பதினெட்டு வயதான மாணவரின் தாய் தொலைபேசியில் கேட்டால்கூட, மாணவரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் பேசாதீர்கள். மாற்றுத்திறன் அலுவலகத்திலிருந்து தேர்வுக்கு ஒன்றரை மடங்கு நேரம் தரச் சொல்லிக் கடிதம் வந்தால் காரணம் கேட்காமல் கொடுக்கவேண்டும்.

வீட்டுப்பாடத்துக்கு மைலேப், அலெக்ஸ் போன்ற ஏதாவதொரு மென்பொருளைத் துறையே தேர்ந்தெடுத்திருக்கும். பயிற்சிக்கு அது நல்லது, உடனே சரி தவறு சொல்லிவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் அது பார்ப்பது கடைசி விடையை. பாதி விதி இருப்பதோ நடுவில் உள்ள வரிகளில். "இதேபோல் ஒரு கணக்கைத் தீர்த்துக்காட்டு" என்ற பொத்தானை அழுத்தி, எண்ணை மட்டும் மாற்றிப் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கி, தேர்வில் முப்பது வாங்குபவர்களை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்ப்பீர்கள். வாரம் ஒரு பக்கம், நான்கே கணக்கு, கையால் எழுதி வாங்குங்கள். முப்பது தாளைத் திருத்த எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகுதிநேரச் சம்பளத்தில் அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் என் அடுத்த வகுப்பு எதைப் பற்றி இருக்கவேண்டும் என்பதை அந்தத் தாள்கள்தான் சொல்கின்றன.

பின்னங்களையும் குறை எண்களையும் முதல் இரண்டு வாரம் மறுபார்வை செய்யலாம் என்று துறையில் யாராவது சொல்வார்கள். நான் செய்வதில்லை. ஏற்கெனவே தோற்ற பாடத்திலேயே மீண்டும் தொடங்குகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு முதல் நாளே வந்துவிடுகிறது. பின்னம் தேவைப்படும் நாளில், தேவைப்படும் அளவுக்கு, பதினைந்து நிமிடம் போதும். முதல் தேர்வை மூன்றாம் வாரத்துக்குள் வையுங்கள், சிறியதாக. அதில் சறுக்கியவர்களை ஒவ்வொருவராக ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுங்கள். காரணிப்படுத்தல் வரும்போது பாதி செமஸ்டர் தாண்டியிருக்கும், பாடத்தை விட்டு விலகுவதற்கான கடைசித் தேதியும் பல கல்லூரிகளில் அதையொட்டி வரும். அதுவரை காத்திருந்தால் பேசுவதற்கு ஆள் இருக்காது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்: இந்தப் பாடமே பல இடங்களில் மறைந்துகொண்டிருக்கிறது. முன்பு நுழையும்போது வைக்கும் தேர்வில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் எண்கணிதம், முன் இயற்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று நான்கு செமஸ்டர் ஏறிய பிறகே பட்டப்படிப்புக்குக் கணக்கில் வரும் பாடத்தைத் தொட முடியும். ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்தால் உச்சியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி கல்லூரிகளில், தொடக்க இயற்கணிதம் தேவை என்று மதிப்பிடப்பட்ட சுமார் 900 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளியானது. தொடக்க இயற்கணிதத்தில் தேறியவர்கள் 39 சதவீதம். அதோடு பயிற்சி வகுப்பும் சேர்த்தபோது 45. நேராகக் கல்லூரி நிலைப் புள்ளியியலில் பயிற்சி வகுப்போடு உட்காரவைத்தவர்களில் 56. கலிபோர்னியாவில் 2017இல் கையெழுத்தான ஏபி 705 சட்டம், உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களை வைத்து இடம் தரவும், ஓராண்டுக்குள் பல்கலைக்கழகத்துக்கு மாற்றக்கூடிய கணிதப் பாடத்தை முடிக்கும் வாய்ப்பை மாணவர்களுக்கு அதிகமாக்கவும் சொன்னது. அதன் பிறகு என் அட்டவணையிலிருந்தே இந்தப் பாடம் போய்விட்டது. இப்போது புள்ளியியலுக்குத் துணை வகுப்பு நடத்துகிறேன்.

இந்தப் பாடம் எல்லோருக்கும் வேண்டும் என்பதற்கும் யாருக்கும் வேண்டாம் என்பதற்கும் நடுவில் இருக்கிறது என் கருத்து. செவிலியர் படிப்புக்குப் புள்ளியியல் போதும் என்றிருக்கும்போது விகிதமுறு கோவைகளைச் சுருக்கத் தெரியவில்லை என்று ஒருவரை ஓராண்டு நிறுத்திவைப்பது அநியாயம். அதே சமயம், பொறியியலுக்கோ மின்பணிக்கோ போகிற ஒருவரை இயற்கணிதம் இல்லாமல் தள்ளிவிடுவதும் அவருக்குச் செய்யும் உதவியல்ல. ஆகவே முதல் வாரமே ஒரு சிறு தாளில், "இதற்கு அடுத்து எந்தக் கணிதப் பாடம், எந்தப் படிப்புக்காக?" என்று எழுதி வாங்குங்கள். தவறான இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள்; பாடத்தை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்போதே அவர்களைக் கல்லூரியின் ஆலோசகரிடம் அனுப்பிவையுங்கள்.

கணிப்பான்: துறையின் விதி என்ன என்று முதலில் கேளுங்கள், ஒரே பாடத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவிதி இருக்கக்கூடும். முடிவு உங்கள் கையில் என்றால் அனுமதியுங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு நினைவில்லாத காரணத்தால் சாய்வு என்றால் என்னவென்று கற்காமல் போகவேண்டாம். ஆனால் அடுக்குகள் தொடங்கும் நாளில் எல்லோரையும் கணிப்பானை மேசைமேல் வைக்கச் சொல்லி −3² எவ்வளவு என்று கேளுங்கள். அறிவியல் கணிப்பானில் எழுதியபடியே அழுத்தியவருக்கு −9 வரும். கைப்பேசியில் 3 அழுத்தி, குறியை மாற்றி, பிறகு வர்க்கப் பொத்தானை அழுத்தியவருக்கு 9 வரும். இரண்டு விடையையும் பலகையில் எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருங்கள். இயந்திரம் எதை முதலில் செய்தது என்று அவர்களே ஒருவருக்கொருவர் விளக்கத் தொடங்குவார்கள்.